பழைய கான்டெஸாவுக்குத் தனி ஈசியு: பெட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். தேவகோட்டை வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் அப்பச்சி வாங்கிய 1993ஆம் ஆண்டுக் கான்டெஸா 1.8 நிற்கிறது. கல்யாணம், திருவிழா என்று குடும்பம் ஊருக்கு வரும்போது மட்டுமே அது ஓடுகிறது. சில வாரங்கள் நின்றபின் எளிதில் கிளம்புவதில்லை. சித்திரை வெயிலில் ஓட்டி நிறுத்திவிட்டு அரைமணி நேரத்தில் மீண்டும் கிளப்பினால் திணறுகிறது. ஏசியைப் போட்டால் ஐடில் இறங்கி அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை எடுத்துவிட்டுத் தனி ஈசியு (தீப்பொறியையும் பெட்ரோலையும் ஆளும் சிறு கணினிப் பெட்டி) பொருத்தலாமா, எந்தப் பெட்டி நல்லது, காரைக்குடியிலேயே செய்துகொள்ள முடியுமா, கொடைக்கானல் ஏறுமா, பக்கத்தில் நிற்கும் பழைய லேண்ட்மாஸ்டருக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கான்டெஸாவுக்குச் செய்யலாம். ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் இக்னிஷனை, அதாவது தீப்பொறி தரும் பகுதியை, மட்டும் ஈசியுவிடம் ஒப்படைத்து, கார்புரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். அது ஒழுங்காக ஓடிய பிறகே பெட்ரோல் பக்கத்தில் கை வையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றியவர்கள், வண்டி கிளம்பாத நாளில் கோளாறு தீப்பொறியிலா பெட்ரோலிலா என்று பிரித்தறிய வழியில்லாமல், கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டிவிடுகிறார்கள். அரைகுறையாக நின்றுபோன இத்தகைய வேலைகளில் பெட்டியே பழுதாக இருந்தது மிக அரிது. வயரிங், எர்த், கிராங்க் சென்சாரின் சிக்னல், பெட்ரோல் பம்பு ஆகிய நான்கில் ஒன்றில்தான் பிழை இருக்கும்.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் இரண்டு உண்மையிலேயே இன்ஜெக்ஷனால், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஈசியு அளந்து இன்ஜெக்டர் வழியே பெட்ரோலைத் தெளிப்பதால், தீரக்கூடியவை. வெயிலில் எஞ்சினை அணைத்ததும் அதன் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) வழிகிறது, பம்புக்கு வரும் குழாயிலும் ஆவி அடைக்கிறது. இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் மூடிய குழாயில் நிற்பதால் அவ்வளவு எளிதில் கொதிக்காது. ஏசிக்காக ஐடிலை உயர்த்துவதும் ஈசியுவுக்குச் சிறிய வேலை. ஏசி சுவிட்சிலிருந்து ஒரு கம்பி அதற்கு வந்தால், கம்ப்ரசர் பிடிப்பதற்கு முன்பே அது ஐடில் வால்வைத் திறந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் நின்றபின் கிளம்பாததற்குக் கார்புரேட்டர் கிண்ணம் வற்றுவது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பேட்டரி இறங்கியிருக்கலாம், டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். இன்று பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 1993ஆம் ஆண்டு ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் உள்ளுறுப்புகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே தொல்லை இது ஒன்றுதான் என்றால் நல்ல கார்புரேட்டர் கிட்டும், எத்தனால் தாங்கும் ஹோஸும், மின்னணு இக்னிஷனும் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம். செலவில் இது மிகச் சிறிய பங்கே ஆகும்.

ஈசியு போடுவதுதான் முடிவென்றால் முதல் செலவு எஞ்சினுக்குத்தான். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்து, ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். வால்வு இடைவெளியைச் சரிசெய்து, மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருந்தால் அடையுங்கள். கார்புரேட்டரோடு சீராக ஓடாத எஞ்சின் ஈசியுவோடும் சீராக ஓடாது.

இனி முதல் கட்டத்துக்கு வருவோம். ஈசியுவுக்குக் கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அதற்காகக் கிராங்க் புல்லியில் பல்சக்கரம் ஒன்றைப் பொருத்துகிறோம். 36 பல்லுக்கு இடமிருந்து அதில் ஒன்றை வெட்டியெடுத்த சக்கரமும், 60 பல்லில் இரண்டை வெட்டிய சக்கரமும் பெரும்பாலான ஈசியுக்களுக்குத் தெரிந்தவை. முதலாவதில் ஒரு பல்லுக்குப் பத்து டிகிரி, இரண்டாவதில் ஆறு டிகிரி. கான்டெஸா வேலைக்கு 36இல் ஒன்று குறைந்ததே தாராளம். கோயம்புத்தூரில் லேசர் வெட்டு செய்பவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். மையத் துளையைப் புல்லிக்குச் சரியாகப் பொருந்துமாறு கடைவதைக் காரைக்குடி லேத் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளலாம். வெட்டிய பல்லின் இடைவெளி, பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் சென்சாருக்கு நேரே வராதபடி அறுபது முதல் தொண்ணூறு டிகிரி வரை தள்ளி வைக்க வேண்டும். கம்ப்ரஷனில் கிராங்க் தடுமாறும் அந்த இடத்தில் இடைவெளி வந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஈசியு பல்லை எண்ணுவதில் தவறும். புல்லி ரப்பர் வளையம் வைத்த இரண்டு துண்டு வகையாக இருந்தால் சக்கரத்தை உட்பகுதியோடுதான் இணைக்க வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த ரப்பர் வழுக்கியிருந்தால் வெளிவளையம் காட்டும் டைமிங் (பொறி பாயும் கிராங்க் கோணம்) பொய்யாகிவிடும்.

சென்சார் பிடிக்கும் பட்டை மெல்லிய தகடாக இருக்கக் கூடாது. பல்லுக்கும் சென்சாருக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பட்டை அதிர்ந்தால் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் சிக்னல் விட்டுவிட்டு வரும். காந்தச் சுருள் வகைச் சென்சாரில் இரு கம்பிகளும் இடம் மாறினால் எஞ்சின் ஓடவும் ஓடும், டைமிங் மட்டும் வேகத்தோடு சேர்ந்து நழுவிக்கொண்டே போகும். இந்தப் பிழையை மீட்டரில் கண்டுபிடிக்க முடியாது. டைமிங் லைட்டில்தான் தெரியும். ஆகவே ஈசியுவில் டைமிங்கைப் பத்து டிகிரியில் பூட்டிவிட்டு, ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் லைட்டடித்துப் பார்த்து, குறி இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்வதற்கு முன்பு வேறெந்த எண்ணையும் தொடாதீர்கள். குறி நகர்ந்தால் சென்சார் கம்பிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

காயிலுக்கு, இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி தரும் இரட்டைக் காயில் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு இனி வேலை இல்லை. ஆனால் காயிலுக்குள்ளேயே இக்னைட்டர் (ஈசியுவின் கட்டளைப்படி காயிலின் மின்னோட்டத்தை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல சிறிய ஈசியுக்கள் 5 வோல்ட் கட்டளையை மட்டுமே தரும். இக்னைட்டர் இல்லாத காயிலை நேரே அதில் இணைத்தால் பலகை அன்றே எரிந்துபோகும். அதேபோல ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக்கையே போடுங்கள். பழைய வகைப் பிளக்கும் வெறும் செம்புக் கம்பி பிளக் வயரும் எழுப்பும் மின் இரைச்சல், ஈசியுவை ஓட்டத்தின் நடுவே திரும்பத் தொடங்க வைக்கும்.

வயரிங்கைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். வழக்கமாக ஊர் எலக்ட்ரீஷியன் கம்பியை முறுக்கி டேப் சுற்றுவார். ஹாரனுக்கும் விளக்குக்கும் அது போதும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் வெப்பநிலையைத் தவறாகப் படிக்கும் சென்சாருக்கு அது போதாது. இணைப்புகள் எல்லாம் சரியான கருவியால் கிரிம்ப் செய்த டெர்மினலாக, நீர் புகாத கனெக்டராக இருக்கட்டும். சென்சார்களின் எர்த் கம்பிகள் அனைத்தும் ஒன்றுகூடி ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கு மட்டுமே போக வேண்டும். அவற்றை வழியில் எங்கும் பாடியில் முடியக் கூடாது. ஈசியுவின் பவர் எர்த், இன்ஜெக்டரும் காயிலும் திருப்பும் பெரிய மின்னோட்டத்தைச் சுமப்பது. அது எஞ்சின் பிளாக்கில் தனி போல்ட்டில் முடிய வேண்டும். கிராங்க் சென்சாருக்கு உறை போட்ட கம்பியை இழுத்து, உறையை ஈசியு பக்கம் மட்டும் எர்த் செய்து மறுமுனையை வெறுமனே விடுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டைகள் முப்பது ஆண்டுப் பழையவை. இரண்டையும் புதிதாக மாற்றி, பெயின்டைச் சுரண்டி, இறுக்கிய பின் கிரீஸ் தடவுங்கள். காரைக்குடியில் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைப் பக்கத்தில் வைத்திருக்கும் உங்களுக்கு உலோகம் அரிப்பதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பச்சைக் களிம்பு பிடித்த ஒரு எர்த் முனை, வாங்கிய பெட்டி எதுவானாலும் அதைப் பயனற்றதாக்கிவிடும்.

ஈசியு, பெட்ரோல் பம்பு, காயிலும் இன்ஜெக்டரும் என மூன்றுக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும் வையுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது இக்னிஷன் சாவியின் சில இணைப்புகள் அறுபடும் என்பதால், ஈசியுவுக்கான ரிலேயை இயக்கும் கம்பி சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போதும் உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள். பம்பு, இன்ஜெக்டர், காயில், ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். ஏசி விசிறியும் முகப்பு விளக்கும் போட்ட நிலையில் ஐடிலில் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் ஆல்டர்னேட்டர் தருகிறதா என்பதை மீட்டர் வைத்துப் பாருங்கள். பெட்டியை எஞ்சின் பகுதியில் வைக்காமல், முன்பயணி பக்க டேஷ்போர்டுக்கு அடியில் வைத்தால் வெப்பமும் தண்ணீரும் அதற்குப் போகா.

இக்னிஷன் சீராக இரண்டு மாதம் ஓடிய பின் பெட்ரோல் கட்டம். இங்கே தவறு செய்தால் தீ என்பதால் சிக்கனம் பார்க்க வேண்டாம். கார்புரேட்டருக்குப் பயன்படும் ஹோஸும் கிளிப்பும் 3 பாரைத் தாங்கா. இன்ஜெக்ஷனுக்கென்று செய்த உயரழுத்த ஹோஸையும் அதற்குரிய கிளாம்பையும் மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய டேங்கைக் கழற்றித் துரு அகற்றி உட்பூச்சு செய்யாவிட்டால் இன்ஜெக்டர் முதல் மாதத்திலேயே அடைபடும். டேங்குக்குள் தடுப்பு இல்லாததால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்பு காற்றை உறிஞ்சும். சிறிய துணை டேங்க் ஒன்றை நடுவில் வைத்து, பழைய வகைப் பம்பால் அதை நிரப்பி, உயரழுத்தப் பம்பை அதிலிருந்து இழுக்கச் செய்வது எளிய தீர்வு. பம்பு ரிலேயை ஈசியுவே ஆள வேண்டும்: சாவி போட்டதும் இரண்டு நொடி ஓட்டிவிட்டு, கிராங்க் சிக்னல் வராவிட்டால் நிறுத்திவிடும். விபத்தில் எஞ்சின் நின்றும் பம்பு ஓடிக்கொண்டிருக்கும் ஆபத்து இதனால் இல்லாமல் போகும். முதல் சோதனையின்போது தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

த்ராட்டில் பாடியையும் (உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு) இன்ஜெக்டரையும் சென்னை புதுப்பேட்டையில் பழைய மாருதி வண்டிகளிலிருந்து எடுத்ததாகத் தேடலாம். இன்ஜெக்டர் வாங்கும்போது மின்தடை 12 ஓமுக்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். குறைந்த தடையுள்ள வகை சிறிய ஈசியுக்களின் டிரைவரைச் சுட்டுவிடும். அளவு எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். கான்டெஸாவின் இசுசு எஞ்சின் 1817 சிசி, ஏறத்தாழ 88 குதிரைத் திறன். ஒரு சிலிண்டருக்கு 454 சிசி காற்று. அது முழுமையாக நிரம்பினால் சுமார் 0.54 கிராம். சாதாரணப் பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7 (ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று) என்றால் 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5, எனவே ஒரு சுற்றுக்கு 0.04 கிராம் பெட்ரோல் வேண்டும். நிமிடத்துக்கு 200 சிசி தரும் இன்ஜெக்டர் அதைக் கொடுக்க 16 மில்லிநொடி எடுக்கும். 5500 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 21.8 மில்லிநொடி ஆகிறது. அழுத்தி ஓட்டும்போது கலவையைச் சற்றுச் செறிவாக்குவதையும் சிலிண்டர் முழுதாக நிரம்பாததையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்ஜெக்டர் முக்கால் பங்கு நேரம் திறந்திருக்கும். 80 விழுக்காட்டுக்குள் இருப்பதால் 200 சிசி போதும். பெரியதாக இருக்கட்டுமே என்று 400 சிசி வாங்கினால் ஐடிலில் கலவையைச் சீராக வைப்பது கடினமாகும்.

டியூனிங் என்பது, மேனிஃபோல்டு அழுத்தமும் ஆர்பிஎம்மும் சேரும் ஒவ்வொரு கட்டத்திலும் சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்ற அட்டவணையை நிரப்புவது. அதற்கு, புகையிலிருந்து கலவையின் அளவை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் வெற்று நேரத்தையும் முதலிலேயே சரியாகப் பதிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி வோல்ட்டேஜ் மாறும் போதெல்லாம் அட்டவணையும் பொய்யாகும். காட்டியில் காற்று விகித எண்ணைப் பார்க்காமல் லாம்டாவைப் பாருங்கள்; முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உண்மையில் இருக்கும் காற்று எத்தனை பங்கு என்பதே லாம்டா. எத்தனால் அளவு மாறினாலும் லாம்டா 1 என்பது 1தான். சமமாக ஓட்டும்போது 1, முழு த்ராட்டிலில் 0.85 முதல் 0.88 வரை என்பது இந்த எஞ்சினுக்குப் பாதுகாப்பான எல்லை. திருமயம் சாலையில் வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்காருங்கள்; ஒருவரே இரண்டையும் செய்யக் கூடாது.

செட்டிநாட்டில் டியூன் செய்யும் வண்டிக்கு இரண்டு தனிக் குறைகள் உண்டு. நிலம் சமதளம் என்பதால் குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை ஏறும் கட்டங்கள் அட்டவணையில் வெறுமையாகவே நிற்கும். மேல் கியரில் ஏசி போட்டு மெதுவாக அழுத்தி அவற்றில் சிலவற்றை நிரப்பலாம், மிச்சத்தை மலைச்சாலையில்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, வெப்பம். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமானி மேனிஃபோல்டில் இருந்தால், அணைத்து நிறுத்திய எஞ்சினின் சூடு அதற்கு ஏறி, உள்ளே வரும் காற்று 45 டிகிரியாக இருக்கும்போது அது 75 என்று காட்டும். காற்று மெலிந்திருக்கிறது என்று நம்பி ஈசியு பெட்ரோலைக் குறைக்கும். வண்டி கிளம்பி ஒரு நிமிடம் திணறும். நீங்கள் கார்புரேட்டரில் கண்ட அதே குறைதான், காரணம் மட்டும் வேறு. வெப்பமானியை ஏர் ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள குழாயில் வைத்து, உயர் வெப்பத்தில் அதன் திருத்த அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குளிர்கால எஞ்சினுக்கான எண்களைப் பற்றி நம்மூரில் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

பெட்டியைப் பொறுத்தவரை, புரூஸ் பௌலிங்கும் அல் கிரிப்போவும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் எழுந்த ஸ்பீடுயினோ ஆகிய இரண்டும் இந்த வேலைக்குப் போதுமானவை. இரண்டையும் டியூனர்ஸ்டூடியோ என்ற ஒரே மென்பொருளால் ஆளலாம். ஹால்டெக், லிங்க் போன்றவை மேலும் உறுதியானவை, கனெக்டர்களும் நேர்த்தியானவை. ஆனால் இறக்குமதி வரியோடு சேர்ந்தால் லட்ச ரூபாயை ஒட்டியோ தாண்டியோ நிற்கும். என் கருத்து, உங்களுக்கு டியூன் செய்து தரப்போகிறவருக்கு எது பழக்கமோ அதையே வாங்குங்கள் என்பதுதான். லேத், வெல்டிங், டேங்க் வேலை, பொருத்தும் வேலை எல்லாம் காரைக்குடியில் முடியும். டைனோவும் (வண்டியை நின்ற இடத்தில் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) ரேஸ் வண்டி செய்பவர்களும் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள், கடைசி டியூனிங்குக்கு அங்கே ஒருமுறை போய் வருவது நல்லது. வயரிங் வரைபடத்தை, கம்பி நிறமும் பின் எண்ணும் குறித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். டியூன் கோப்பின் பிரதியையும் அதோடு சேருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வண்டி நின்றால் ஊர் மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே துணை அதுதான்.

கொடைக்கானல் கார்புரேட்டரைவிட எளிதாகவே ஏறும். ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கலிலிருந்து 80க்கும் கீழே இறங்கிவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்தே பெட்ரோலை அளக்கும் ஈசியு இதில் பெரும்பகுதியைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஒரே சென்சார் வைத்த சிறிய ஈசியுக்கள் வெளிக் காற்றழுத்தத்தைச் சாவி போடும் கணத்தில் ஒருமுறை மட்டுமே படிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வத்தலக்குண்டில் கிளப்பி நிற்காமல் ஏறினால் மேலேயும் அதே பழைய எண்ணே இருக்கும். பாதி வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது அணைத்துக் கிளப்பினால் போதும். அதற்கெனத் தனி சென்சார் வைப்பது இன்னும் நல்லது.

சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சின் எண், சிசி, எரிபொருள் மூன்றும் இங்கே மாறவில்லை என்றாலும், வேலை தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் வண்டி என்பதால் இது முக்கியம். பழைய கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். பாடியில் புதிய துளை எதுவும் போடாமல், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பொருத்தும்படி வேலை நடக்கட்டும்.

லேண்ட்மாஸ்டருக்கு இதில் எதையும் செய்யாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டைத் தாண்டி, எஞ்சினிலும் பாடியிலும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்கும் வண்டியையே விண்டேஜாகப் பதிவு செய்ய முடியும்; கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்டர் வைத்தால் அந்தத் தகுதியைக் கேள்விக்குள்ளாக்குகிறீர்கள். எத்தனால் தாங்கும் டயஃப்ரமும் ஹோஸும், புதிய பாயின்ட்டும் கண்டென்சரும் அதற்குப் போதும். வாரக்கணக்கில் நிற்கும்போது பேட்டரியைக் கழற்றி, டேங்கை ஈரக் காற்றுக்கு இடமில்லாதபடி நிரப்பி வையுங்கள்.